முன்வார்ப்பு வீடுகள் பெரும்பாக்கத்தோடு நின்றுவிடக் கூடாது

2021 ஜனவரி 1 அன்று அடிக்கல். 2022 மே 26 அன்று திறப்பு. சென்னை பெரும்பாக்கத்தில் 12 தொகுதிகளில் 1,152 வீடுகள் பதினேழு மாதத்துக்குள் எழுந்து நின்றன. நடுவே கொரோனா இரண்டாம் அலை வேறு. மத்திய அரசின் ‘லைட் ஹவுஸ்’ திட்டத்தில் ஆறு நகரங்களில் ஆறு புதிய கட்டுமான முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். முதலில் முடித்துக் காட்டியது சென்னை.

இங்கே கையாண்டது முன்வார்ப்பு முறை. வழக்கமான கட்டடத்தில் சென்ட்ரிங் அடிக்க வேண்டும், கம்பி கட்ட வேண்டும், கான்கிரீட் போட்டு நாள் கணக்கில் தண்ணீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த மாடியைப் பற்றிப் பேச முடியும். மழை வந்தால் வேலை நிற்கும். கூலியாள் ஊருக்குப் போனாலும் நிற்கும். முன்வார்ப்பில் தூண், உத்திரம், தளம் எல்லாம் இரும்பு அச்சுகளில் தனியாக வார்க்கப்பட்டு, கிரேனால் தூக்கிப் பொருத்தப்படுகின்றன. கீழே அடித்தளம் போடும் அதே நாள்களில் மூன்றாம் மாடிக்கான தளம் ஆலையில் தயாராகிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு நன்றாக நடந்த ஒன்று ஏன் தமிழக அரசுக் கட்டுமானத்தின் வழக்கமாக மாறவில்லை?

அச்சுகளுக்கும் ஆலைக்கும் கிரேனுக்கும் முதலிலேயே பெரும் பணம் போட வேண்டும் என்பதே காரணம். நூறு வீட்டோடு நின்றால் நஷ்டம். ஒரே அளவிலான வீடுகள் பல ஆயிரம் என்று தொடர்ந்து வந்தால்தான் ஒரு வீட்டுக்கான செலவு இறங்கும். தனியார் பில்டர்களிடம் இதை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொருவரின் மனையும் ஓர் அளவு, ஒவ்வொரு திட்டமும் ஒரு வடிவம். சந்தை சரிந்தால் வேலையைப் பாதியில் நிறுத்துவார்கள். பத்தாண்டுக்கு வேலை உண்டு என்று ஓர் ஆலைக்கு எழுதிக் கொடுக்கக்கூடியவர் நாட்டில் ஒருவர்தான்: அரசு.

சிங்கப்பூர் செய்தது அதைத்தான். அங்கே ஆங்கிலேயர் கால அமைப்பு 32 ஆண்டுகளில் கட்டியது சுமார் 23,000 வீடுகள். 1960-ல் தொடங்கிய வீட்டு வசதி வாரியம் முதல் ஐந்தே ஆண்டில் 50,000-ஐத் தாண்டியது. 1966-ல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. 1980-களில் வாரியம் முன்வார்ப்பைப் பெரிய அளவில் கையில் எடுத்தது. 2001-ல் எளிதாகக் கட்டத்தக்க வடிவமைப்புக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும் என்ற விதி தனியாருக்கும் பொருந்தும்படி வந்தது. இன்று அந்நாட்டில் வசிப்போரில் ஏறக்குறைய எண்பது சதவீதம் பேருக்கு வாரிய வீடுதான் வீடு. அந்தக் கட்டுமானத் தளங்களில் உழைத்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து போனவர்கள். முன்வார்ப்பைப் பொருத்தத் தெரிந்த கைகள் நம் கிராமங்களிலேயே இருக்கின்றன. அவற்றுக்கு இங்கே வேலை இல்லை.

தொழில்நுட்பத்துக்கும் பஞ்சமில்லை. உரத் தொழிற்சாலைக் கழிவான ஜிப்சத்திலிருந்து செய்த பலகைகளைக் கொண்டு ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்தில் 2013-லேயே ஒரு மாத அளவில் இரண்டு மாடி வீடு கட்டினார்கள். 2021-ல் அதே வளாகத்தில் 600 சதுர அடியில் முப்பரிமாண அச்சு வீடு திறக்கப்பட்டது. இரண்டையும் நாம் மாதிரி வீடாக மட்டுமே வைத்திருக்கிறோம்.

வேகமாகக் கட்டுகிறோம் என்ற பெயரில் தரத்தைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் ரோனன் பாயிண்ட் சாட்சி. முன்வார்ப்புப் பலகைகளால் எழுந்த அந்த 22 மாடிக் குடியிருப்பு, திறந்து இரண்டே மாதத்தில், 1968 மே 16 அன்று, ஒரு வீட்டில் நடந்த எரிவாயு வெடிப்பில் ஒரு மூலை முழுக்கச் சரிந்து நான்கு பேரைக் கொன்றது. பலகைகளைப் பிணைத்த இணைப்புகள் பலவீனமாக இருந்தன. முன்வார்ப்பில் உயிர் இருப்பது அந்த இணைப்புகளில்தான். அங்கே கலவை சரியாக நிரம்பவில்லையென்றால் முதலில் மழைநீர் கசியும், பிறகு அதைவிட மோசமானது நடக்கும். ஆகவே ஒப்பந்ததாரரைச் சாராத தரப் பரிசோதகர் ஒவ்வொரு தளத்திலும் இருந்தே ஆக வேண்டும். பழைய முறையில் கட்டிய சென்னை புளியந்தோப்பு குடியிருப்பிலேயே, 2021-ல், தொட்டால் உதிரும் பூச்சைக் கண்டு மக்கள் கொதித்தார்களே!

இடம் என்ற கேள்வி இதைவிடப் பெரிது. மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு 2012-ல் கணக்கிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி, அதில் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்த வருமானக் குடும்பங்களுடையது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வேலைக்குப் பக்கத்தில், கட்டுப்படியாகும் வாடகையில் வீடு இல்லாதவரைக்கும் எண்ணிக்கை மட்டும் ஏறிப் பயனில்லை. கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட பெண்கள், முன்பு செய்துவந்த வீட்டு வேலையைத் தக்கவைக்கப் பேருந்தில் மணிக்கணக்கில் போய்வந்தார்கள். முடியாதவர்கள் வேலையை விட்டார்கள். நவீன முறையில் கட்டியும் மக்களை நகருக்கு வெளியே தள்ளினால், அதே தவற்றை வேகமாகச் செய்தவர்களாவோம்.

அதனால் முன்வார்ப்பு ஆலைகளுக்கு முதல் வேலையாக எதைக் கொடுப்பது என்பது தெளிவாகவே தெரிகிறது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 1993-ல் கட்டிய, தமிழக அரசின் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்குச் சொந்தமான குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு தொகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு சற்று முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. இப்படிச் சிதிலமான குடியிருப்புகள் சென்னைக்குள் பல இடங்களில் இருக்கின்றன. அரசு அவற்றை இடித்துக் கட்டியும் வருகிறது. நிலம் வாரியத்துடையது, இருப்பது நகருக்குள், திரும்பி வரப்போவது அங்கேயே வாழ்ந்த மக்கள். வீடுகளும் ஒரே அளவு. முன்வார்ப்புக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

இங்கே வேகம் ஏழையின் சட்டைப்பையைத் தொடுகிறது. கட்டி முடியும்வரை வெளியே வாடகைக்குப் போகும் குடும்பத்துக்கு அரசு தரும் கருணைத்தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்ந்தது. இரண்டு ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் ஆயிரம் ரூபாய். சென்னையில் எந்தத் தெருவில் அதற்கு ஓர் அறை கிடைக்கும்? வேலை ஆறு மாதம் முன்னதாக முடிந்தால் ஆறு மாத வாடகை அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சும்.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் இப்போது ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனித்தனியாக டெண்டர் விடுவதை நிறுத்தி, அடுத்த ஐந்தாண்டுக்கு இடிக்க வேண்டிய தொகுதிகள் அனைத்தையும் ஒரே பட்டியலாக வெளியிட வேண்டும். இரண்டு மூன்று நிலையான வீட்டு வடிவங்களை வகுத்து, அவற்றுக்கான உறுப்புகளைச் செய்ய வடசென்னையிலும் தென்சென்னையிலும் ஆலை அமைப்போருக்கு நீண்டகால ஒப்பந்தம் தர வேண்டும். தலையில் ஜல்லி சுமந்தே முதுகு வளைந்த சித்தாள் பெண்களுக்கு அந்த ஆலைகளில் பயிற்சியும், பி.எஃப்., இ.எஸ்.ஐ.யோடு கூடிய வேலையும் கொடுப்பதை அதே ஒப்பந்தத்தின் நிபந்தனையாக எழுத வேண்டும்.