ஆவணம் தொலைந்த வாகனமும் உரிமை தேடும் உடைமையாளரும்

ஒருகொடவத்தையிலுள்ள சுங்கப் பரிசோதனை முற்றத்தினுள் நுழையும் ஒவ்வொரு கொள்கலனும், தான் எங்கிருந்து வந்தது, யாருக்கு உரியது, என்ன பெறுமதியானது என்பவற்றைக் கூறும் ஆவணங்களுடனேயே வருகின்றது. அந்த முற்றத்தைக் கடந்து செல்லும் பழைய ஒஸ்டின், மொரிஸ் மைனர் கார்களின் நிலைமை அவ்வாறானதல்ல. எழுபது ஆண்டுகளாக இந்நாட்டு வீதிகளில் ஓடிய ஒரு காரின் இன்றைய உடைமையாளரிடம், அது தன்னுடையது என்று காட்ட ஒரு தாளேனும் இல்லாதிருப்பது புதுமையான விடயமன்று.

இதனைப் பழைமை விரும்பிகள் சிலரின் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியினால் 2020 மார்ச் மாதம் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் ஓடக்கூடிய எந்த வாகனமும் விலையேறிய சொத்தாகியது. கொட்டிலில் தூசி படிந்து கிடந்த காரையும் பலர் திரும்பிப் பார்த்தனர். சொத்தென்று ஆனதும் அதற்கு உரித்தாளர் யார் என்ற வினாவும் எழுந்துவிடுகின்றது.

ஆவணங்கள் இல்லாமற் போவதற்கு முதற் காரணம் எமது கவனயீனமேயாகும். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், வாகனம் கைமாறியதை விற்றவரும் வாங்கியவரும் உரிய படிவங்களில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். நடைமுறையிலோ விற்றவர் வெற்றுப் படிவத்தில் ஒப்பமிட்டுக் கொடுப்பதும், வாங்கியவர் அதனை அப்படியே வைத்திருந்து அடுத்தவருக்கு விற்பதும் நெடுங்காலம் வழக்கமாக இருந்து வந்தன. 'ஓப்பன் பேப்பர்' என்று வியாபாரிகள் அழைப்பது இதனைத்தான். ஐந்தாவது கைக்குக் கார் வந்து சேரும்போது முதலாமவர் காலமாகியிருப்பார்; அவர் ஒப்பமிட்ட தாளும் கறையானுக்கு இரையாகியிருக்கும். பதிவேட்டிலோ இன்னமும் அவர் பெயரே இருக்கும்.

இரண்டாவது காரணத்துக்கு உடைமையாளர்களைக் குறை கூற இயலாது. 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்த வீடுகளுடன் அவற்றின் அலுமாரிகளில் இருந்தவையும் சாம்பலாயின. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கு யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களேயாகும். வாகனங்களையும் நகைகளையும் மட்டுமன்றி, காணி உறுதிகள் போன்ற ஆவணங்களையும் விட்டுவிட்டே அவர்கள் புறப்பட நேர்ந்தது. 2009 மே மாதத்தில் வன்னிப் போர் முடிவடைந்தபோது, கைவிடப்பட்ட வாகனங்கள் முள்ளிவாய்க்கால் வீதியோரங்களில் குவிந்து கிடந்ததை உலகமே படங்களில் கண்டது. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடியவரிடம் 'பதிவுப் புத்தகம் எங்கே?' என்று கேட்பது நியாயமாகாது.

யாழ்ப்பாணத்தின் பழைய கார்களுக்குத் தனியானதொரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைக்காத நிலையில், சில துளி பெற்றோலினால் இயக்கி மண்ணெண்ணெயில் ஓடியவை இந்த ஒஸ்டின் கேம்பிரிட்ஜ்களும் மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டுகளுமே. நோயாளியையும் மணமக்களையும் சுமந்தவையும் அவையே. அவற்றின் இலக்கத் தகடுகளுக்கும் அரசியல் உண்டு. ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து 1957 இல் புகுத்தப்பட்டதும், 1958 இல் தார் பூசும் போராட்டம் வடக்கிலும் தெற்கிலும் மூண்டதும், பண்டா–செல்வா ஒப்பந்தம் அவ்வாண்டு ஏப்ரலில் கைவிடப்பட்டதும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். இத்தகைய வரலாற்றைச் சுமந்த கார்கள் ஆவணமின்மையால் இரும்புக் கடைக்குச் செல்வது கவலைக்குரியதாகும்.

இவ்விடத்தில் சட்டத்தின் அடிப்படை ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். வாகனப் பதிவு என்பது வேறு. உரித்து என்பது வேறு. பிரித்தானியாவில் வழங்கப்படும் பதிவு ஆவணத்திலேயே, அது உரிமைக்குச் சான்றல்ல என்று அச்சிடப்பட்டுள்ளது. இலங்கையில் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், தன்னிடம் இல்லாத உரித்தை ஒருவர் பிறருக்கு வழங்க முடியாது என்ற பொதுவிதியைக் கொண்டுள்ளது. ஆகவே புத்தகம் கையில் இருப்பதனால் மட்டும் ஒருவர் உரிமையாளராகிவிட மாட்டார். அது தொலைந்தமையால் உரிமையை இழந்துவிடவும் மாட்டார். ஆனால் பதிவின்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் பெறுவதோ, முறைப்படி விற்பதோ இயலாது. உரிமை இருந்தும் அனுபவிக்க முடியாத நிலை என்பது இதுவேயாகும்.

திணைக்களத்தின் கண்டிப்புக்கும் காரணம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. சிதைந்துபோன பழைய வாகனமொன்றின் ஆவணங்களைக் கொண்டு, களவாகவோ உதிரிப்பாகங்களாகவோ வந்த வேறொரு வாகனத்துக்கு உயிர்கொடுக்கும் மோசடி இங்கு நன்கறியப்பட்டது. சட்டவிரோதமாகப் பதிவு செய்யப்பட்ட வாகனங்கள் தொடர்பில் அண்மைய ஆண்டுகளில் திணைக்கள அதிகாரிகள் சிலரும் கைது செய்யப்பட்டனர். ஆனால் நேர்மையான வழி அடைபட்டிருக்கும்போது தரகரின் வழியே அகலமாகின்றது என்பதையும் அதிகாரிகள் சிந்தித்தல் வேண்டும்.

ஏனைய நாடுகள் இதனை எவ்வாறு கையாண்டுள்ளன? பிரித்தானியாவில் அரசாங்கத்தினால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பழைய வாகனக் கழகங்கள், அடிச்சட்ட இலக்கத்தையும் பழைய சான்றுகளையும் பரிசோதித்துப் பரிந்துரைத்தால், வாகனத்தின் ஆதி இலக்கமே திரும்ப வழங்கப்படுகின்றது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வாகனப் பெறுமதியின் ஒன்றரை மடங்குக்குப் பிணைமுறி வைத்து உரித்துப் பத்திரம் பெறலாம். மூன்றாண்டுகளுக்குள் உண்மையான உரிமையாளர் தோன்றினால் அப்பிணையிலிருந்து அவருக்கு இழப்பீடு கிடைக்கும். இந்தியா 2021 இல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு வரிசையை உருவாக்கி, 20,000 இந்திய ரூபா கட்டணத்தையும் விதித்தது. எனினும் அங்கும் ஏற்கெனவே பதிவான வாகனத்துக்குப் பழைய சான்றிதழ் கோரப்படுவதால், எமது பிரச்சினைக்கு அது முழுத் தீர்வாகாது.

உண்மையில் முன்மாதிரிக்காக நாம் கடல் கடக்க வேண்டிய அவசியமில்லை. பத்தாண்டுகள் ஆட்சி செய்தவருக்குக் காணி உரித்தளிக்கும் சட்டத்தினால் இடம்பெயர்ந்தோர் பாதிக்கப்படுவதைத் தடுப்பதற்கு, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அக்கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. மரணத்தை ஏற்க மனமில்லாதோருக்காக 2016 இல் காணாமற்போனமைக்கான சான்றிதழும் அறிமுகப்படுத்தப்பட்டது. போர்க்காலம் சாதாரண காலமன்று என்பதை நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டதற்கு இவை சான்றாகும். காணிக்குப் பொருந்திய அந்த நியாயம், குடும்பத்தின் ஒரே சொத்தான காருக்கோ உழவு இயந்திரத்துக்கோ பொருந்தாது என்று எவரும் வாதிட முடியாது.

எனவே, தெளிவானதொரு விசேட ஏற்பாடு வாகனங்களுக்கும் அவசியம். விண்ணப்பதாரி சத்தியக்கடதாசியுடன் பொலிஸ் முறைப்பாட்டையும் சமர்ப்பிக்கலாம். அடிச்சட்ட, இயந்திர இலக்கங்களைப் பரிசோதகர் நேரிற் பார்த்துத் திருட்டு வாகனப் பட்டியலுடன் ஒப்பிடலாம். மும்மொழிகளிலும் பகிரங்க அறிவித்தல் வெளியிட்டு, ஆட்சேபனைக்குப் போதிய கால அவகாசம் வழங்கலாம். அதன் பின்னர் பிணைமுறியுடன் நிபந்தனைப் பதிவு வழங்கி, சில ஆண்டுகளின் பின் அதனை நிரந்தரமாக்கலாம். பகிரங்க அறிவித்தல் இன்றியமையாதது. இன்று ஒருவர் வைத்திருக்கும் கார், 1990 இல் இன்னொருவரிடமிருந்து பறிக்கப்பட்டதாகவும் இருக்கக்கூடும். புத்தளத்தில் வாழும் அவருடைய பிள்ளைகளின் குரலுக்கும் இடமளிக்காத நடைமுறை, ஓர் அநீதியைத் தீர்க்க முற்பட்டு மற்றொன்றுக்கு முத்திரை குத்துவதாகவே அமையும்.

இதற்கு முதற்படி திணைக்களத்தின் பழைய கோப்புகளேயாகும். உடைமையாளரின் பிரதி தொலைந்தாலும் அரசாங்கத்தின் பதிவு எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. அவ்வாறிருக்கையில் நிரூபிக்கும் சுமை முழுவதையும் குடிமகன் தலையில் ஏற்றுவது முறையல்ல.

மக்களுக்கும் கடமை உண்டு. பதிவேட்டிலுள்ளவர் உயிருடன் இருக்கும்போதே பெயர்மாற்றத்தை முடித்துக்கொள்ளுங்கள். காலமாகியிருப்பின் தேசவழமைக்கோ, 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் விருப்புறுதியற்றோர் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்துக்கோ அமைய உரிய வாரிசுகள் அனைவரையும் இணைத்துச் செயற்படுவதே உசிதமானது. 'புத்தகம் எடுத்துத் தருகிறேன்' என்று வரும் தரகரிடம் பணம் கொடுப்பவர், தனக்குரிய காரையே திருட்டுக் காராக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இறக்குமதியாகும் வாகனங்களின் வரி வருமானத்தைக் கணக்கிடுவதில் அரசாங்கம் காட்டும் அக்கறையிற் சிறு பங்கையேனும், ஏற்கெனவே இம்மண்ணில் உள்ள வாகனங்களின் உரித்தைச் சீர்செய்வதிலும் காட்டுதல் வேண்டும். போரில் எல்லாவற்றையும் இழந்து எஞ்சிய ஒன்றைக் காப்பாற்றியவர்கள், அதனைத் தமதென்று சொல்வதற்கு இன்னுமொரு தலைமுறை காத்திருக்க வேண்டியதில்லை.