அந்தக் கணக்கைக் கொஞ்சம் காட்டுங்க டாக்டர்

பி.காம் படிக்கிறவனுக்கு இதய ஆபரேஷன்ல என்ன வேலைன்னு கேட்கிறவங்களுக்கு: இது கணக்கு விஷயம் சாமி, எங்க ஏரியாதான்.

இதயத்திலிருந்து கிளம்புகிற ரெண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறிப் பிறக்கிற குழந்தைகள் உண்டு. பெரும்பாலும் பிறந்த சில வாரங்களுக்குள் அவற்றை வெட்டி, மாற்றிப் பொருத்தணும். கூடவே, இதயத் தசைக்கு ரத்தம் தருகிற மெல்லிய கரோனரி குழாய்களையும் பெயர்த்து வைக்கணும். அவை எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி ஓடாது. அதனால எக்கோ, சி.டி., இப்போ முப்பரிமாணத்தில் அச்சடிச்ச இதய மாடல் வரைக்கும் வச்சுத் திட்டம் போடுறாங்க. சந்தோஷம். ஆனா கத்தி பிடிக்கப்போறவர் இதே ஆபரேஷனை இதுவரை எத்தனை தடவை செஞ்சார், எத்தனை குழந்தை பிழைச்சதுங்கிறது அந்தத் திட்டத்தில் சேராதா?

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சேரவில்லை. மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின் மரணங்களை எண்ணிப் பார்த்து எச்சரித்தார். 1995 ஜனவரியில் 18 மாதக் குழந்தை ஒன்றின் ஆபரேஷனுக்கு முந்தின இரவு டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். போல்சின் வேண்டாம் என்றார். மறுநாள் ஆபரேஷன் நடந்தது, குழந்தை பிழைக்கவில்லை. அப்படி ஒரு கூட்டம் நடந்ததே பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை! 1991-95ல் ஒரு வயசுக்குக் கீழ் எதிர்பார்த்ததைவிட 30 முதல் 35 குழந்தைகள் அதிகமாக இறந்ததாக 2001ல் விசாரணை அறிக்கை சொன்னது.

அதே காலத்தில் லண்டனில் மார்க் டி லெவால் என்ற அறுவை நிபுணர். இதே ஆபரேஷனில் முதல் 52 குழந்தைகளில் ஒரு மரணம். அடுத்த 16ல் ஏழு. மனுஷர் மறைக்கவில்லை. வேறொரு நிபுணரிடம் மறுபயிற்சி எடுத்துக்கொண்டார், 1994ல் எல்லாத்தையும் கட்டுரையாகவே வெளியிட்டார். அதில் அவர் பயன்படுத்திய 'கியூசம்' முறை, தொழிற்சாலையில் சரக்கோட தரம் எப்போ சரியுதுன்னு பார்க்க 1954ல் ஈ.எஸ். பேஜ் உருவாக்கியது. (தரக்கட்டுப்பாடு பாடத்தில் தூங்கினவங்க கவனிக்க :-))

"நம்பரை வெளியிட்டா சிக்கலான கேஸை யாரும் தொட மாட்டாங்க" என்பார்கள். பயம் நியாயம்தான், ஆனா அதுக்காகப் பேரேட்டை ஒளிச்சு வைக்கணுமா? குழந்தையோட வயசு, எடை, குறையோட வகை எல்லாத்தையும் சேர்த்துத்தான் ஆபத்தைக் கணக்கிடுறாங்க. பிரிட்டனில் ஒவ்வொரு குழந்தை இதய மையத்தோட 30 நாள் பிழைப்பு விவரமும் அப்படித்தான் வெளியாகுது. ஆபரேஷனும் நின்னுடல.

சாமானியனுக்குப் புரியாதுங்கிற வாதம் வேற. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து மட்டும் அந்தச் சாமானியன்கிட்டதானே வாங்குறீங்க?