கான் வெட்டுவோம், கடிதமும் கொடுப்போம்
ஐப்பசி மழைக்கு முன் லயத்துக் கான்களைத் துப்புரவு செய்ய நம் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை சிரமதானத்தில் இறங்குகிறார்கள். பெண்களும் மண்வெட்டி பிடிக்கிறார்கள். தேநீர் ஊற்றுவதும் அவர்கள் தலையில்தான்! பாராட்டுகிறோம். ஆனால் கான்களைப் பராமரிப்பது நிர்வாகத்தின் வேலை. நாம் சும்மா செய்து கொடுப்பதால் அது நம் கடமையாகிவிடாது.

கான் அடைபட்டால் மழைநீர் மலைக்குள் இறங்கும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. எச்சரித்த பிறகும் சனம் அதே லயத்தில்தான் இருந்தது.

ஆகவே தோழர்களே, சிரமதானத்தன்று மேட்டில் நில வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசியும் கலங்கல் நீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்டதை எழுதி, தோட்டத் தலைவர் மூலம் துரைக்கும் கிராம சேவகருக்கும் கொடுங்கள். பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்கி வையுங்கள்.