இந்தோனேசியாவுக்கு ஒரு வெகுமதி

டன்னுக்கு ரூ. 67,220. கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து இதற்குக் குறைந்த விலையில் பல அடுக்குக் காகித அட்டை நாட்டுக்குள் வரக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் போட்ட உத்தரவு, 2026 மார்ச் 31 வரைக்குமானது. உள்நாட்டு ஆலைகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று மார்தட்டுகிறது தில்லி. எந்த நாட்டு ஆலையை என்பதுதான் நம் கேள்வி.

சுங்கவரி என்றால் கூடுதல் பணம் கஜானாவுக்காவது வரும். இதில் அதுவும் இல்லை. நேற்றுவரை குறைத்து விற்ற இந்தோனேசியாவின் சுமத்ரா ஆலை, இன்று அதே அட்டைக்கு உத்தரவில் உள்ள விலையைப் பில்லில் எழுதும். வித்தியாசம் முழுக்க அதன் கல்லாவுக்குப் போகும். வரி போட ஆசியான் தடையற்ற வணிக ஒப்பந்தம் இடம் தரவில்லையே என்பார்கள். 2010 முதல் அமலில் உள்ள அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது யாராம்? பொருள்குவிப்புத் தடுப்பு வரிக்கு அது குறுக்கே நிற்கவும் இல்லை.

தண்டம் அழுவது சிவகாசியில் மருந்துப் பெட்டி அடிப்பவர். மாத்திரை கம்பெனியிடம் ஆண்டு முழுமைக்கும் ரேட் பேசி முடித்திருப்பார். அட்டை விலை ஏறினால், டை கட்டிங்கும் ஒட்டுக்கூலியும் போக அவர் கையில் நிற்கும் சில பைசாக்களும் கரையும். அவர் கூடாரத்திலிருந்து தில்லிக்கு யாரும் விமானத்தில் போய் மனுக் கொடுப்பதில்லை. மொண்டிப்பட்டியில் தமிழக அரசின் ஆலையும் இதே அட்டையைச் செய்கிறது. அது நன்றாக ஓட வேண்டும் என்பதில் நமக்கும் அக்கறை உண்டு. அதற்கு இதுவா வழி?

இந்தோனேசியா ஜெயிப்பது மரத்தில். ரியாவ் மாகாணத்தில் ஆலையைச் சுற்றியே அகேசியா, யூகலிப்டஸ் தோட்டங்கள். ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். கூழையும் விற்கிறார்கள், காகிதத்தையும் விற்கிறார்கள். கரிநிலக் காடுகளை அழித்து வளர்ந்த தொழில் அது. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். ஆனால் நாம் என்ன செய்தோம்? மரத்துக்கு விவசாயியைப் பாருங்கள் என்று 1988 வனக் கொள்கையில் ஆலைகளுக்குச் சொன்னதோடு சரி. சவுக்குக்கும் தைல மரத்துக்கும் ஆலைகள் அடித்துக்கொள்கின்றன. கூழும் கழிவுக் காகிதமும் இன்றும் கப்பலில்தான் வருகின்றன.

தில்லி காகிதத்தில் கை வைத்த லட்சணம் புதிதல்ல. 2019-இல் செய்தித்தாள் காகிதத்துக்குத் திடீரென 10 சதவீத வரி. ஏழே மாதத்தில் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். 2021-இல் சீனா கழிவுக் காகித இறக்குமதியைத் தடை செய்ததும் நம் கிராஃப்ட் காகிதம் அங்கே ஓடியது. அட்டைப்பெட்டிக்காரர்கள் கதறினார்கள், யாரும் அசையவில்லை. 2022 அக்டோபர் முதல் இறக்குமதியைக் கண்காணிக்கக் கட்டாயப் பதிவு. கண்காணித்தார்கள், சரக்கு வந்துகொண்டேதான் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் காகிதத்துக்கும் அட்டைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதில் செய்த பெட்டிக்கு 5 சதவீதம்! கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பப் பெற, பெட்டி செய்பவர் முதலை முடக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டவர் ஒரு பட்டறையையாவது எட்டிப் பார்த்திருப்பாரா?

ஆசியான் ஒப்பந்தத்தை 2025-க்குள் திருத்தி முடிப்போம் என்றார்கள். அதை ஒழுங்காக முடிக்கட்டும். மரத்துக்கு உருப்படியான ஒரு கொள்கை வகுக்கட்டும். விலை உத்தரவை நீட்டிக்க மனுவோடு ஆலை முதலாளிகள் வரிசையில் நிற்பார்கள். அன்று பெட்டி செய்பவர்களுக்கும் ஒரு நாற்காலி போடட்டும்.