கோவையில் டியூன் பண்ணிய எஞ்சின்

புனேயில் நம்ம ஊர்க்காரங்க நாலு பேர் கூடினால் பேச்சு மூணு விஷயத்தில்தான் நிற்கும். தீபாவளிக்கு டிக்கெட் கிடைச்சுதா, பிள்ளைக்குத் தமிழ் எழுத வருதா, அடுத்து என்ன கார்? மூணாவது வந்துவிட்டால் என் சத்தம் கொஞ்சம் கூடிவிடுகிறது என்பது வீட்டம்மாவின் நீண்ட நாள் புகார். காரணம் ஒரு எஞ்சின்.

டியாகோ ஜேடிபி ஞாபகம் இருக்கா? 2018 அக்டோபரில் டாடா மோட்டார்ஸ் கொண்டு வந்தது. கூடவே டிகோர் ஜேடிபியும் வந்தது. ஜேடிபி என்றால் ஜெயெம் டாடா பெர்ஃபார்மன்ஸ். ஜெயெம் நம்ம கோயம்புத்தூர் கம்பெனி. ரேஸ் ஓட்டிய ஜே. ஆனந்த் நடத்துவது. இரண்டு கம்பெனியும் பாதிக்குப் பாதி போட்டு 2017-ல் கூட்டு சேர்ந்தன.

சாதா டியாகோ பெட்ரோலில் 1.2 லிட்டர், மூணு சிலிண்டர், 85 பிஎஸ். ஜேடிபியிலும் அதே 1.2 லிட்டர்தான், ஆனால் டர்போ. வெளியே போகும் புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, அதை வைத்து எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது. பலன் 114 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர் டார்க். நூறு கிலோமீட்டர் வேகத்தைப் பத்து விநாடிக்குள் தொடும் என்று கம்பெனி சொன்னது. சஸ்பென்ஷனைக் கொஞ்சம் தாழ்த்தி இறுக்கினார்கள், 15 இன்ச் வீல் போட்டார்கள். விலை டெல்லி ஷோரூமில் 6.39 லட்சம். மறுபடி படிங்க, 6.39 லட்சம்!

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 விதி வந்தது. பழைய ஜேடிபி நின்றது, புதுசு வரவே இல்லை. அதே வருஷம் கூட்டும் முடிந்தது. கார்ப் பைத்தியங்கள் எல்லாம் ஒரு வாரம் புலம்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனோம்.

"பிஎஸ்6 வந்துச்சு, எஞ்சின் போச்சு" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். எனக்கு இது பாதி உண்மையாகத்தான் படுகிறது. பிஎஸ்6 கழுத்தை நெரித்தது டீசலை. டீசல் காருக்கு நைட்ரஜன் ஆக்சைடு அளவு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்கியது. பெட்ரோலுக்கு 80-லிருந்து 60தான். அதைவிடப் பெரிய சாட்சி டாடாவின் சொந்த நெக்ஸான். அதிலும் 1.2 டர்போ பெட்ரோல்தான். அது 2020 ஜனவரியிலேயே பிஎஸ்6 ஆகி, 110 பிஎஸ்ஸிலிருந்து 120-க்கு ஏறி வந்தது. ஆக, எஞ்சினால் முடியாமல் இல்லை. கொஞ்சமாக விற்கும் ஒரு சின்னக் காருக்காக மறுபடி டியூன் பண்ணி, சோதித்து, சான்றிதழ் வாங்கும் செலவு கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

மாருதி கதையும் கிட்டத்தட்ட இதேதான். 2017-ல் வந்த பலேனோ ஆர்எஸ், 1 லிட்டர் டர்போ, 2020 ஆரம்பத்தில் நின்றது. அந்த பூஸ்டர்ஜெட் எஞ்சின் 2023-ல் ஃப்ராங்ஸில் திரும்பி வந்தது, கொஞ்சம் உயர்ந்த உடம்போடு. டாடாவும் 2024-ல் ஆல்ட்ராஸ் ரேசர் விட்டது, 120 பிஎஸ், ஆரம்ப விலை 9.49 லட்சம். எஞ்சின்கள் சாகவில்லை மக்களே. ஏழு லட்சத்துக்குள் கிடைத்த அந்தச் சந்தோஷம்தான் செத்துப் போச்சு.

"யாரும் வாங்கலை, நிறுத்திட்டான், இதில் என்ன அழுகை?" என்று நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. நம்ம வீடுகளில் கார் என்றால் மைலேஜ் என்ன, திரும்ப விற்றால் என்ன வரும், அப்பா அம்மா முழங்கால் இடிக்காமல் உட்கார முடியுமா, இதற்கு மேல் நாலாவது கேள்வி கிடையாது. ஆனால் ஒன்றரை வருஷம் ஒரு காருக்குப் போதுமா? அதிலும் 2019 நாடு முழுக்கக் கார் விற்பனை படுத்த வருஷம். நாற்று நட்டு ஒரு மழைகூடப் பார்க்காமல் வயலை விற்றது போலத்தான் இது.

இழுக்கும் எஞ்சின் விடலைப் பையன்களுக்கு மட்டும்தான் என்பதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. புனேயிலிருந்து ஊருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போகிறவர்களைக் கேளுங்க. பைபாஸில் எந்தக் காரும் ஓடும். பைபாஸை விட்டு இறங்கி, இருவழிச் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டரைத் தாண்டும்போதுதான் விஷயம் தெரியும். காரில் நாலு பேர், டிக்கி நிறைய மூட்டை, ஏசி ஓடுது, எதிரே பஸ். அந்த நாலு விநாடியை மூணாகக் குறைக்கும் எஞ்சின் ஆடம்பரமா? வேகமாகப் போகச் சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்தில் குறைந்த நேரம் இருக்கச் சொல்கிறேன்.

ஆனால் என் உண்மையான வருத்தம் வேறு. கார் சம்பந்தப்பட்ட வேலை என்றால் நாம் ஊரை விட்டு புனேக்கோ குர்காவுனுக்கோ வந்தாக வேண்டும் என்பதுதான் வழக்கம். டாடாவின் ஆராய்ச்சி மையமே இங்கே புனேயில்தான் இருக்கிறது. ஜேடிபியில் அந்த வழக்கம் தலைகீழானது. வேலை நம்ம ஊரைத் தேடிப் போனது. பம்ப்செட்டும் லேத்துப் பட்டறையுமாக வளர்ந்த ஊர், 2003-லேயே கரி மோட்டார் ஸ்பீட்வே என்று சொந்தமாக ரேஸ் டிராக் வைத்திருக்கும் ஊர். அந்த ஊர்க் கம்பெனியின் பெயர், இந்தியா முழுக்க ஷோரூமில் நின்ற காரின் முதுகில் ஒட்டியிருந்தது. ரேஸில் கற்ற கைத்தொழில் சாமானியன் வாங்கும் காருக்குள் போனது. இனி இன்னொரு பெரிய கம்பெனி இன்னொரு சின்னப் பட்டறையை நம்பிக் கூப்பிடும்போது, "ஜேடிபி என்ன ஆச்சு?" என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கும்.

கம்பெனிகளிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இப்படி ஒரு எஞ்சினைக் கொண்டு வந்தால் அந்த மாடல் இருக்கும் வரைக்கும் அதை விடாதீங்க. லாபம் பெரிதாக வராது, ஆனால் மற்ற கார்களுக்கும் சேர்த்து அதுதான் பெயர் வாங்கித் தரும்.

நம்மிடம் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான். அடுத்த தடவை ஷோரூமுக்குப் போனால் மைலேஜ் கேட்டு முடித்த பிறகு, சாவியை வாங்கி ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்க. நாலாவது கேள்வி தானாக வரும்.