சிறு லொறியின் வெற்றியும் கமக்காரரின் கணக்கும்

இலங்கையில் "பட்டா" என வழங்கும் சிறு லொறி நில்லாத மரக்கறிச் சந்தையைக் காண்பது இன்று அரிது. இந்தியாவின் டாட்டா மோட்டோர்ஸ் நிறுவனம் 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் "ஏஸ்" என்னும் பெயருடன் விற்பனைக்கு விட்ட வண்டியே அது. தமிழ்நாட்டு மக்கள் அதனைக் "குட்டி யானை" என்பர். ஒவ்வொரு ரூபாவையும் எண்ணிச் செலவிடும் இந்தியச் சிறு வியாபாரிகளிடையே அது இரண்டாண்டுகளுக்குள் ஓர் இலட்சமும், 2012ஆம் ஆண்டளவில் பத்து இலட்சமும் விற்பனையாயிற்று. விலை மலிவே இவ்வெற்றிக்குக் காரணம் எனப் பலர் கருதுவர். அக்கருத்துப் பொருத்தமானதன்று.

தேவையறிந்து செய்த வண்டி

அக்காலத்தில் இந்தியாவில் சிறு சுமைகளை முச்சக்கர வண்டிகள் ஏற்றின. பெருஞ் சுமைகளை லொறிகள் ஏற்றின. முச்சக்கர வண்டி விலை குறைந்தது. ஆயினும் வேகமும் உறுதியும் குறைந்தது. நெடுந்தூரம் செல்லத் தகாதது. பெரிய லொறியோ ஒடுங்கிய தெருக்களில் நுழையமாட்டாது. அரைச் சுமையுடன் ஓடினால் நட்டமே மிஞ்சும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வண்டியொன்று இல்லாதிருந்தது.

கிரீஷ் வாக் என்பவரின் தலைமையில் இயங்கிய குழுவினர், முச்சக்கர வண்டிக்காரரிடமே சென்று அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்தனர். அதன்பின்னரே வண்டியை வகுத்தனர். நிறுவனத்தின் கார் ஒன்றிலிருந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கினாற் போன்ற, 702 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 16 குதிரை வலுவும் உள்ள இரண்டு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. முக்கால் தொன், அதாவது ஏறத்தாழ 15 அந்தர், ஏற்றத்தக்கதாக அது அமைந்தது. விலை ஏறக்குறைய 2,25,000 இந்திய ரூபா.

இவ்விலை முச்சக்கர வண்டியின் விலையிலும் அதிகம் என்பது கவனிக்கத்தக்கது. அவ்வாறிருந்தும் மக்கள் அதனையே வாங்கினர். ஓர் ஓட்டத்திற் கூடுதற் சுமையும், ஒரு நாளிற் கூடுதல் ஓட்டங்களும் கிடைத்தமையால், மேலதிக விலையை வண்டியே உழைத்துக் கொடுத்தது.

விலை வேறு, ஆதாயம் வேறு

இதற்கு மாறான சான்றும் உண்டு. அதே நிறுவனம், அதே தலைவரின் கீழ் உருவாக்கி, 2009இல் ஓர் இலட்சம் ரூபா விலைகூறி "நானோ" என்னும் காரை விற்பனைக்கு விட்டது. உலகிலேயே மலிவான கார் எனப் பெரிதும் பேசப்பட்ட அது எதிர்பார்த்தபடி விலைபோகவில்லை. 2018இல் உற்பத்தியும் ஓய்ந்தது. மலிவு ஒன்றே போதுமாயின் நானோவன்றோ வென்றிருக்க வேண்டும்! ஏஸ் உழைக்கும் பொருள். நானோ செலவழிக்கும் பொருள். வறியவர் குறைந்த விலையைத் தேடுகின்றார் என்பதிலும், விலைக்கேற்ற வருவாயைத் தேடுகின்றார் என்பதே உண்மை.

கமக்காரர் செய்யவேண்டிய கணக்கு

இப்பாடம் கமக்காரருக்கும் உரியதே. இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதைத் தொடர்ந்து பழைய வண்டிகளின் விலையும் மிக ஏறிற்று. அத்தகைய விலைக்குக் கடன்பட்டு வண்டி வாங்குவோர், அயலவர் வாங்கினார் என்பதற்காக வாங்குதல் தகாது.

மாதத் தவணை, காப்புறுதி, டயர், திருத்தவேலை, சாரதி கூலி, டீசல் ஆகிய யாவற்றையும் ஓராண்டுக்குக் கூட்டுக. அத்தொகையை அவ்வாண்டில் உண்மையாக ஓடக்கூடிய ஓட்டங்களின் தொகையாற் பிரிக்குக. வரும் விடை வாடகை வண்டிக்குக் கொடுக்கும் கூலியிலும் குறைவாயின் வாங்கலாம். கூடுதலாயின் வாடகை வண்டியே மேல். அறுவடைக் காலத்தில் மூன்று மாதம் ஓடி, எஞ்சிய ஒன்பது மாதமும் முற்றத்தில் நிற்கும் வண்டி யானையன்று. யானையைக் கட்டித் தீனி போடுவது போன்றதோர் சுமையேயாம்.

ஒருவர் தனித்து வாங்கி நட்டப்படுவதிலும், ஒரே குறிச்சியில் வெங்காயமும் கத்தரியும் செய்வோர் நால்வர் ஐவர் சேர்ந்தோ, கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாகவோ ஒரு வண்டியை வைத்துக்கொள்வது நன்று. நடும் காலத்தை முன்பின்னாக ஒழுங்கு செய்துகொண்டால் வண்டிக்கு ஆண்டு முழுவதும் வேலையுண்டு. விளைவும் வாடுமுன் சந்தை சேரும். வண்டி ஓடும் நாட்களே கடனை இறுக்கும். நிற்கும் நாட்கள் கடனை வளர்க்கும்.