போட்டி இருந்தால் விலை குறையும்

இலங்கை மின்சார சபையை மறுசீரமைக்கும் 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் பயன், கல்முனைக் கரையின் ஐஸ் ஆலைக்கும் அரிசி ஆலைக்கும் வரும் மின்பட்டியலில் தெரிய வேண்டும். அதற்கு வழி போட்டிதான். மன்னாரில் அதானி நிறுவனத்துக்குப் போட்டியின்றி ஒப்புக்கொள்ளப்பட்ட காற்றாலை மின்சாரத்தின் விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். அதே மன்னாரில் 2025இல் விலைமனுப் போட்டியில் கிடைத்தது 4.65 சதம். திட்டங்களின் அளவு வேறானாலும் பாடம் தெளிவானது.

போட்டி வந்தால் இலாபம் தராத ஊர்கள் கைவிடப்படும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் போட்டி வேண்டியது உற்பத்தியில். விநியோகம் அரசின் கையிலேயே இருக்கலாம். எனவே ஒவ்வொரு மின் கொள்வனவையும் பகிரங்கப் போட்டிக்கு விட வேண்டும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதைச் சுதந்திரமாகக் கண்காணிக்க வேண்டும்.